50 பைசா காபியும் சொல்லாமல் விட்ட கணக்கும்

போன வாரம் எங்கள் கல்லூரிக்கு ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் வந்தார். இரண்டு மணி நேரம். வழக்கம்போல பாட்ரீசியா நாராயண் கதை. 1982-ல் சென்னை மெரினாவில் வண்டிக்கடை போட்டார், முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி, வருமானம் 50 பைசா, பிறகு உணவக முதலாளி ஆனார், 2010-ல் ஃபிக்கி விருது வாங்கினார். காரணம்? தன்னம்பிக்கை! எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான்.

தட்டிய கையோடு பின் தெருவில் இருக்கும் மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனேன். கதையை அக்காவிடம் சொன்னேன். சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "தன்னம்பிக்கை எல்லாம் நெறைய இருக்கு தம்பி. சிலிண்டருக்குத்தான் காசு இல்ல."

அங்கேயே எனக்கு அந்தப் பேச்சாளர் மேல் கோபம் வந்துவிட்டது. என் மேலும்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாட்ரீசியா கதையில் இவர்கள் 50 பைசாவைச் சொல்கிறார்கள், கண்ணீரைச் சொல்கிறார்கள். வியாபாரத்தை மட்டும் சொல்வதே இல்லை. வண்டிக்கு முன்பே அவர் வீட்டில் ஊறுகாய், ஜாம் செய்து விற்றார். முதல் பணம் அம்மா கொடுத்தது, வந்த லாபம் மறுபடி அதிலேயே போனது. கடற்கரை வியாபாரம் நன்றாகப் போனபோதும் அவர் அதோடு நிற்கவில்லை. குடிசை மாற்று வாரிய அலுவலக கேண்டீனை எடுத்தார். அடுத்து ஒரு வங்கி கேண்டீன், அப்புறம் மாணவர்கள் தங்கிப் படிக்கும் ஒரு நிறுவனத்துக்குச் சாப்பாடு.

பி.காம் படிக்கிற நமக்கு இதற்கு அர்த்தம் தெரிய வேண்டாமா? மழை பெய்தால் கடற்கரையில் ஆள் வராது. கேண்டீனில் நாளைக்கு எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று இன்றைக்கே தெரியும். அவர் கதை திரும்பிய இடம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

2004-ல் மகளையும் மருமகனையும் விபத்தில் பறிகொடுத்து ஒதுங்கிப் போனார். அப்போதும் தனியாக எழுந்து வரவில்லை. 2006-ல் மகன், சகோதரியின் நினைவாக 'சந்தீபா' உணவகத்தைத் தொடங்கினார். பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தது. "எல்லாம் உனக்குள்ளேயே இருக்கிறது" என்று மேடையில் சொல்பவர்கள் இந்த இடத்தை ஏன் தாண்டிப் போகிறார்கள்?

இப்போது எங்கள் மெஸ்ஸுக்கு வாருங்கள். 2020 ஊரடங்கில் மூடியது. கல்லூரி திறந்த பிறகு அக்கா தண்டல் வாங்கித் திறந்தார். கையில் வந்தது 8,500. கட்டியது தினம் 100 வீதம் 100 நாள். ஊரடங்கில் கடை மூடியது அவர் தப்பா? இல்லை. தன்னம்பிக்கையால் தண்டல் வட்டி குறையுமா? அதுவும் இல்லை.

மறுநாள் அவருடைய நோட்டை வாங்கிக் கணக்குப் போட்டேன். மதியச் சாப்பாடு 70 ரூபாய். அரிசி, காய், கேஸ் எல்லாம் சேர்த்து ஒரு சாப்பாட்டுக்கு 45 ஆகிறது. தினம் 80 பேருக்குச் சமைக்கிறார், சராசரியாக 68 பேர் சாப்பிடுகிறார்கள். வரவு 4,760. சமையல் செலவு 3,600. வாடகை, உதவிக்கு இருப்பவர் சம்பளம், கரண்ட் எல்லாம் நாளுக்கு 900. மிச்சம் 260 ரூபாய். காலை நாலரை மணிக்கு எழுந்தவருக்கு ஒரு நாள் கூலி அதுதான்!

எத்தனை பேர் வருவார்கள் என்று முன்பே தெரிந்து 70 பேருக்கு மட்டும் சமைத்தால்? சமையல் செலவு 3,150. மிச்சம் 710. விலையில் ஒரு ரூபாய் ஏற்றவில்லை. அளவிலும் கை வைக்கவில்லை.

நோட்டின் பின்பக்கம் நம் கடன். என் பெயருக்கு எதிரே 1,340 ரூபாய். சிலிண்டருக்குக் காசு இல்லை என்று அவர் என்னிடமே சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் உறைத்தது. ஆப்பில் ஆர்டர் போட்டால் முதலில் காசு கட்டுகிறோம். அக்காவிடம் மட்டும் "அடுத்த வாரம் தரேன்க்கா".

தன்னம்பிக்கையே வேண்டாமா என்று சிலர் கேட்பீர்கள். வேண்டும். ஆனால் மூடிய கடையைக் கடன் வாங்கித் திறந்தவரிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. அதை அவருக்குப் பாடம் எடுக்க நாம் யார்? அவரிடம் இல்லாதது இரண்டு: நாளைய தலை எண்ணிக்கை, கையில் முன்பணம். இரண்டுமே நம்மிடம் இருக்கிறது.

என் பாக்கியைக் கட்டிவிட்டேன். அடுத்த மாதத்துக்கு 26 டோக்கனுக்கு 1,820 முன்பணமும் கொடுத்தேன். வராத நாளில் காலை எட்டு மணிக்குள் சொல்லிவிட வேண்டும், அந்த டோக்கன் அடுத்த மாதத்துக்குச் செல்லும் என்று பேச்சு. இதுவரை 11 பேர் சேர்ந்திருக்கிறோம். 50 பேர் சேர்ந்தால் அக்கா இனி தண்டல்காரர் முகத்தில் விழிக்க வேண்டாம்.

வகுப்பில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. செமினாரில் சத்தமாகக் கை தட்டியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். நோட்டில் யார் யார் பெயர் இருக்கிறது என்றும் தெரியும். முக்கால்வாசி ஒரே ஆட்கள்தான். திங்கட்கிழமை மெஸ்ஸில் பார்ப்போம்.