மின்சிகரெட் தடை: மருத்துவரிடம் மறைக்க வேண்டியதில்லை

மின்சிகரெட்டுக்குத் தமிழ்நாடு அரசு 2018-ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, நாடு முழுவதும் இதனைத் தடை செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. புதுச்சேரிக்கும் இச்சட்டம் பொருந்தும்.

இத்தடைக்கு அஞ்சி, மின்சிகரெட் பயன்படுத்துவோர் தம் பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்க நேரலாம். அது சிகிச்சைக்கு இடையூறாகும்.

சட்டம் எவற்றைத் தடை செய்கிறது?

உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விநியோகம், சேமித்து வைத்தல், விளம்பரம் ஆகிய அனைத்தும் குற்றங்களாகும். இணையவழி விற்பனையும் இதில் அடங்கும். விற்போருக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் அதே குற்றம் புரிந்தால் மூன்றாண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சேமித்து வைப்போருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

புகைக்கும் செயலுக்கெனத் தனித் தண்டனை எதுவும் இச்சட்டத்தில் கூறப்படவில்லை. நோயாளி கூறுவதை மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் இதில் இல்லை.

பிரான்சிலிருந்து கொண்டு வரலாமா?

கூடாது. பிரான்சில் வயது வந்தோர் மின்சிகரெட் வாங்குவதற்குத் தடையில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகை மட்டும் 2025 பிப்ரவரியில் அங்கு தடை செய்யப்பட்டது. ஆயினும் இந்தியாவிற்குள் எவ்வகையையும் கொண்டு வருவதற்கு அனுமதியில்லை. அங்குள்ள உறவினர்களிடம் இதனை முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது.

மருத்துவரிடம் ஏன் கூற வேண்டும்?

மின்சிகரெட் ஆவியில் பெரும்பாலும் நிகோட்டின் உள்ளது. அது இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும். கருவிலுள்ள குழந்தைக்கும் வளரிளம் பருவத்தினரின் மூளை வளர்ச்சிக்கும் தீங்கு விளைவிக்கும். அமெரிக்காவில் 2020 பிப்ரவரி வரை இத்தகைய கருவிகளால் நேர்ந்த நுரையீரல் பாதிப்பில் 68 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் கஞ்சாச் சத்து கலந்த திரவங்களைப் பயன்படுத்தியவர்கள். இப்பாதிப்பின் அறிகுறிகள் நிமோனியாவை ஒத்தவை. ஆகவே இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சலுடன் வருபவர் உண்மையைக் கூறாவிடில் நோயைக் கண்டறிவது தாமதமாகும். ஜிப்மரிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ “புகைப்பழக்கம் உண்டா?” என்று கேட்கப்படும்போது மின்சிகரெட்டையும் சேர்த்துக் கூறுங்கள்.

சிகரெட் விற்கப்படும்போது இதற்கு மட்டும் ஏன் தடை?

இக்கேள்வி நியாயமானதே. பிரிட்டனில் புகைப்பழக்கத்தைக் கைவிட மின்சிகரெட் ஒரு துணையாக ஏற்கப்படுகிறது. இந்தியாவிலோ, இளைஞர்களிடையே புதியதொரு நிகோட்டின் பழக்கம் பரவுமுன் தடுப்பதே நோக்கமாகக் கொள்ளப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2019 மே மாதத்தில் முழுத் தடையைப் பரிந்துரைத்தது. எனினும் தடையைக் காரணம் காட்டி சிகரெட்டுக்கோ பீடிக்கோ திரும்புவது தீர்வன்று.

கைவிட விரும்புவோருக்கு

தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356; அழைப்புக்குக் கட்டணமில்லை. நிகோட்டின் சூயிங்கம் முதலியவற்றை மருத்துவர் ஆலோசனைப்படி பயன்படுத்தலாம்.

பராமரிப்பாளர்கள் கவனத்திற்கு: பிள்ளையிடம் மின்சிகரெட்டைக் கண்டால் கடிந்துகொள்ளாமல் பேசுங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிறு குழந்தை அதன் திரவத்தை விழுங்கினால் நச்சுப் பாதிப்பு ஏற்படும். உடனே 108-ஐ அழையுங்கள்.