ஒரு பல்லு மாத்தினா கை மரத்துப்போறது நிக்குமா?

"முன் ஸ்ப்ராக்கெட்ல ஒரு பல்லு கூடப் போட்டுட்டேன் சார், இன்ஜின் அமைதியா ஓடுது. கை மரத்துப்போறதும் சரியாயிடும்னு மெக்கானிக் அண்ணன் சொன்னாரு." சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கத்திலிருந்து வர்ற பசங்க வாயில இந்த வசனத்தை இந்த மாசம் நாலாவது முறையா கேட்டுட்டேன். அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல நியாயத்தைச் சொல்லிடறேன். கணக்கு பொய் இல்ல. முன்னாடி 15 பல் இருந்த இடத்துல 16 போட்டா, அதே வேகத்துக்கு இன்ஜின் பதினாறுல ஒரு பங்கு குறைவா சுத்தும். 4000 ஆர்பிஎம்ல போனது 3750-க்கு இறங்கும். பிஸ்டன் மேலும் கீழும் அடிக்கிற விசை சுழற்சியோட வர்க்கத்துல மாறும், அதனால அது சுமார் 12 சதவீதம் குறையும். பைபாஸ்ல ஒரே வேகத்துல போறவருக்கு இதம்தான்.

ஆனா ஒரகடம் ரோடு பைபாஸா? முன்னாடி கார் ஏத்தின டிரெய்லர், பக்கத்துல கம்பெனி பஸ், நடுவுல ஷேர் ஆட்டோ. 45, 50-ல டாப் கியர்ல உருட்டினா இன்ஜின் திணறும், அந்தக் குலுக்கல் இன்னும் மோசம். சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 5349-படி, 16 ஹெர்ட்ஸுக்கு மேல போகப்போக அதிர்வோட பாதிப்பு கைக்குக் குறைவா கணக்காகுது. அதாவது சுழற்சி குறைஞ்சு அதிர்வோட வேகம் இறங்கினா, அதே அளவு அதிர்வு கையில கூடுதலா ஏறும். 12 சதவீத லாபத்துல பாதி இங்கயே போச்சு.

பின் சக்கரத்துக்குப் போற இழுவையும் 6 சதவீதம் குறையும். கியரைக் குறைச்சு ஓவர்டேக் பண்ணலாம்னு சொல்வீங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சு காலை ஆறரைக்குக் கண்ணு சொருகிட்டு வர்றவன் கியரைக் குறைப்பானா, த்ராட்டிலை முறுக்கிட்டு டிரெய்லர் பக்கத்துலயே தொங்குவானா? இன்னொண்ணு. சில வண்டிகள்ல ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்துதான் வேகத்தை எடுக்கும். அதுல 60-னு காட்டும்போது நீங்க போறது 64. சக்கரத்திலிருந்து எடுக்கிற வண்டிக்கு இந்தத் தொல்லை இல்ல.

2013-லிருந்து ஒரகடத்துலயே ராயல் என்ஃபீல்டு ஆலை ஓடுது. அவங்களோட பழைய 350 யூசிஇ இன்ஜின்ல பேலன்சர் கிடையாது. 2020-ல மீட்டியோர் வந்தப்போதான் 350-க்கு பேலன்சர் ஷாஃப்ட் வந்தது. அதிர்வுக்கு மருந்து இன்ஜினுக்குள்ள சுத்துற எதிர் எடை. வெளியில கூட்டுற பல்லு இல்ல.

இப்போ என் வேலைக்கு வரேன். எனக்குக் கோபம் வர்ற இடமும் இதுதான்.

கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து, ராத்திரி தூக்கத்துல எழுந்து கையை உதறுறீங்களா? மணிக்கட்டுல நரம்பு நசுங்குதுனு சந்தேகப்படணும். கார்பல் டனல்னு சொல்வோம். சுண்டு விரல் பக்கம் மட்டும்னா ஹேண்டில்பார் மேல உள்ளங்கை அழுத்தம் காரணமா இருக்கலாம். ரெண்டு கையும் ரெண்டு காலும்னா சர்க்கரை, பி12, தைராய்டு பார்க்கணும்.

இந்தப் பசங்ககிட்ட "வேலை என்ன தம்பி?"னு கேட்டா, "லைன்ல போல்ட் டைட் பண்றது சார்." எட்டு மணி நேரம் நியூமேட்டிக் கன்னை இறுக்கிப் பிடிச்சு, ஒரே அசைவு. ஓவர்டைம் வந்தா பன்னிரண்டு. வண்டியில போறது முக்கால் மணி நேரம். பன்னிரண்டு மணி நேரத்தை விட்டுட்டு முக்கால் மணி நேரத்தைக் குற்றவாளியாக்குறோம்! பைக்கே இல்லாம கம்பெனி பஸ்ல போய் வர்றவங்களும் இதே கையோட என்கிட்ட வர்றாங்க. அவங்க எந்தப் பல்லை மாத்தணும்?

ஐரோப்பாவுல 2002-லயே இதுக்கு அளவு வெச்சாச்சு. எட்டு மணி நேர வேலைக்குக் கையில ஏறுற அதிர்வு 2.5-ஐத் தாண்டினா முதலாளி நடவடிக்கை எடுக்கணும், 5 உச்ச வரம்பு. இங்க அந்தப் பையனே வண்டியைக் கழட்டி மாத்திட்டு, நோய்க்கும் தானே காரணம்னு ஒத்துக்கறான். குளிர் நாட்டுல விரல் வெளுத்துக் காட்டிக் கொடுக்கும். நம்ம வெயில்ல அது தெரியாமலே போகலாம், மரத்துப்போறதுதான் முதல் எச்சரிக்கை. அதையும் ஸ்ப்ராக்கெட் கணக்குல எழுதி ஆறு மாசம் தள்ளிப் போட்டா, கட்டை விரல் அடிச்சதை சூம்ப ஆரம்பிச்சுடும். அப்புறம் ஆபரேஷன் பண்ணினாலும் முழு பலம் திரும்பும்னு என்னால உறுதி சொல்ல முடியாது.

முதுகு வலிக்கும் இதையே சொல்றாங்க. முதுகெலும்பைப் படுத்தறது 4-லிருந்து 8 ஹெர்ட்ஸ், அதாவது பள்ளமும் வேகத்தடையும் தர்ற குலுக்கல். அதுக்கும் செயினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

"அப்போ மாத்தவே கூடாதா டாக்டர்?"னு கமெண்ட்ல வருவீங்க. ஹைவேல நிறைய ஓட்டறவர் மைலேஜுக்காகவோ சத்தத்துக்காகவோ யோசிச்சு மாத்தட்டும், அது அவர் வண்டி. கை மரத்துப்போறவங்க மட்டும் முதல்ல ஒரு வாரம் பஸ்ல போய்ப் பாருங்க. மரத்துப்போறது அப்படியே இருந்தா ஈஎஸ்ஐ-க்குப் போங்க. எந்தக் கருவி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எத்தனை மாசமா பிடிக்கிறீங்கன்னு நீங்களே சொல்லி, அதைச் சீட்டுல எழுதச் சொல்லுங்க. பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டாங்க.