உப்புக் காற்றும் பழைய காரும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் பரீட்சைத் தாள்களைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, மகாபலிபுரத்தில் வசிக்கும் நண்பரிடமிருந்து டெலிபோன் வந்தது. தம்முடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிடப் போவதாகவும், கடைசியாகப் பார்க்க விரும்பினால் மாலை நாலு மணிக்குள் வரவேண்டும் என்றும் சொன்னார். குரலைக் கேட்டால், வீட்டில் யாருக்கோ உடம்பு மிஞ்சிவிட்டது போல் இருந்தது.

அது அவருடைய தகப்பனார் வாங்கிய கார். நம் பக்கத்திலேயே, வண்டலூரை அடுத்த பெருங்களத்தூர்த் தொழிற்சாலையில் பிறந்தது. 1961-ல் அங்கே ஹெரால்டு உற்பத்தி ஆரம்பமாயிற்று. இத்தாலியரான மிக்கெலாட்டி உருவம் கொடுத்த வண்டி. மட்கார்டு உள்பட முன்பக்கம் முழுவதையும் அப்படியே கவிழ்த்துத் திறக்கலாம். 1980-களின் இறுதியோடு அந்தத் தொழிற்சாலையில் கார் செய்வது நின்றுபோயிற்று. ஆகையால், போனால் போனதுதான்.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம். நண்பர் சாவியைத் திருப்பிக் காட்டினார். "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"வருஷத்துக்குள் இரண்டு பாட்டரி வாங்கியாயிற்று, சார்! இப்போது ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். நான் எங்கே போவேன்?" என்றார்.

பௌதிக சாஸ்திரம் போதித்துப் பிழைக்கும் நமக்கு அந்த "டக்" சத்தத்தில் சந்தேகம் தட்டிற்று. முன் விளக்குகளைப் போடச் சொல்லி, மறுபடி சாவியைத் திருப்பச் சொன்னோம். பாட்டரி சோர்ந்திருந்தால் விளக்கு மங்கிப் போகும். இங்கேயோ சற்றும் மங்கவில்லை. வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தால் 12.6. நன்றாகச் சார்ஜ் ஏறிய பாட்டரி காட்டவேண்டிய கணக்கு அதுதான். பாவம், குற்றமற்ற பாட்டரிகள்!

பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும், மற்றொன்றை எஞ்சின் இரும்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் செய்தோம். அரை வோல்ட்டுக்குமேல் காட்டக்கூடாத இடம். எட்டு வோல்ட்டுக்குமேல் காட்டிற்று. அச்சமயம் நண்பருடைய பிள்ளை சோக் கம்பியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான். சுட்டதாம். அந்தக் கூச்சலிலேயே வியாதி வெளிப்பட்டுவிட்டது.

எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. ஆதலால் எஞ்சினையும் சட்டத்தையும் பின்னல் செம்புப் பட்டை ஒன்று இணைக்கிறது. கடற்கரையின் உப்புக் காற்றில் அந்தப் பட்டை பச்சைக் களிம்பேறி, போல்ட்டடியில் நைந்து கிடந்தது. பெருவழி அடைபட்டதும், திரும்பவேண்டிய மின்சாரத்தில் கொஞ்சம் மெல்லிய சோக் கம்பி வழியாக நுழையப் பார்த்திருக்கிறது. விளக்குகளுக்கு எர்த் வண்டியின் உடம்பில் தனியாக இருந்தபடியால் அவை பிரகாசமாக எரிந்து எல்லோரையும் ஏமாற்றின.

புதுப் பட்டை வாங்கி, இரும்பைப் பளபளவென்று தேய்த்து முடுக்கினோம். பாட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை ஆப்பச்சோடாக் கரைசலால் கழுவித் துடைத்து வாஸலின் தடவினோம். இதைச் செய்கிறவர்கள் கியரை நியூட்ரலில் வைத்து, எர்த் கம்பியை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டவேண்டும். பாட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பற்றக் கூடியது. பீடி, சுருட்டுப் பிரியர்கள் தூரத்தில் நிற்பது நலம். பழைய இங்கிலீஷ் கார்கள் சிலவற்றில் பாஸிடிவ் முனைதான் எர்த் என்பதையும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் உயிர் பெறவில்லையென்றால் அது வேறு கதை. அப்போது பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்கவேண்டும். பொறி இல்லாவிட்டால் டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்டுகளைப் பார்க்கலாம். ஹெரால்டுக்கு இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர்.

நண்பர் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு தடவை கனைத்துக்கொண்டு கிளம்பிற்று. உள்ளேயிருந்து அவருடைய தாயார் வாசலுக்கு வந்து நின்றார், ஒன்றும் பேசவில்லை.

நாலு மணிக்கு இரும்புக்காரர் வந்தார். வாசலில் கார் இல்லை. நண்பர் தம் தாயாரை ஏற்றிக்கொண்டு ஸ்தலசயனப் பெருமாள் கோவிலுக்குப் போயிருந்தார். திண்ணையில் உட்கார்ந்து இரும்புக்காரருக்குச் சமாதானம் சொல்லும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது.