ஓரத்தில் இல்லை என்றால் ஆபத்தும் இல்லையா?

"லண்டன் நிலத்தட்டின் ஓரத்தில் இல்லை, ஆகவே இங்கே நிலநடுக்கம் பற்றிப் பேசுவது வெட்டிப் பயம்" என்று சென்ற இதழில் எழுதித் தீர்த்திருக்கிறார் கட்டுரையாளர். முதல் பாதி பள்ளிப் பாடம். மறுபாதி அவருடைய சொந்தச் சரக்கு.

அவருக்குப் பிடித்த ஆதாரம் 1750. பிப்ரவரி 8, மார்ச் 8 என இருமுறை லண்டன் குலுங்கியது. மூன்றாவதும் வரும், ஊரே அழியும் என்று ஒரு படைவீரர் குறி சொல்ல, ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரிக்கிறார். பொய்த்தது குறிதானே ஐயா, குலுங்கியதுமா பொய்? வந்த இரண்டை விட்டுவிட்டு, வராத மூன்றாவதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்.

1580 ஏப்ரல் 6 அவர் கண்ணில் படவே இல்லை. டோவர் நீரிணைப் பக்கம் கிளம்பிய நடுக்கத்தில் லண்டன் தேவாலயம் ஒன்றின் கல் பெயர்ந்து விழுந்து, தொழில் பழகிக்கொண்டிருந்த ஒரு சிறுவன் செத்தான். 1884 ஏப்ரல் 22-ஐயும் காணோம். கோல்செஸ்டர் இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். அளவு 5-ஐக்கூடத் தொடாத அந்த நடுக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதமாயின.

"பழைய பிளவுகள் எப்போதோ செத்துவிட்டன" என்கிறார். இறப்புச் சான்றிதழ் கொடுத்தது யார்? ஒருமுறை உடைந்த பாறை அந்த இடத்தில் பலவீனமாகவே கிடக்கும். தட்டின் ஓரத்தில் எழும் நெருக்கடி உள்நிலம்வரை வந்து சேரும். புதுப் பாறையை உடைப்பதைவிடப் பழைய உடைப்பை நகர்த்துவது அதற்குச் சுலபம். 2019 நவம்பர் 11 அன்று பிரான்சின் லு தெய் ஊரருகே நடந்தது அதுதான். சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் இழுபட்டு உண்டான பிளவு, இப்போது நெரிபட்டு எதிர்த்திசையில் நகர்ந்தது. அளவு 4.9-தான். ஆனால் ஆழம் ஒரு கிலோமீட்டர் அளவே என்பதால் தரை கிழிந்தது. க்ருவாஸ் அணுமின் நிலையத்தை நிறுத்திச் சோதித்தார்கள்.

தக்காணம் அசையாது என்று நம்பித்தான் மகாராஷ்டிரத்தின் கில்லாரியையும் மிகக் குறைந்த ஆபத்து மண்டலத்தில் வைத்திருந்தார்கள். 1993 செப்டம்பர் 30 விடியலுக்கு முன், கல்லும் மண்ணுமாய்க் கட்டிய கனத்த சுவர்கள் தூங்கியவர்கள்மேல் சரிந்தன. ஏறத்தாழ 10,000 பேர் போனார்கள். வரைபடத்தை அதற்குப் பிறகுதான் திருத்தினார்கள்; 2002-இல் சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது.

லண்டன் கில்லாரி ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததற்கு மறுப்பு எழுதியே பாதிப் பக்கத்தை நிரப்பியிருக்கிறார். ஈஸ்ட் ஹாமில் நம்மவர்கள் வாங்கியிருக்கும் வரிசை வீடுகளை அவர் ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம். நூறு வருடம் தாண்டிய செங்கல் புகைபோக்கி, இடுக்குகளில் காரை உதிர்ந்து, தலையில் சுட்ட மண்குழாய்களைச் சுமந்து நிற்கும்; நேர் கீழே ஆள் நடமாடும் நடைபாதை. 2007 ஏப்ரல் 28-இல் ஃபோக்ஸ்டனில் வெறும் 4.3 அளவு நடுக்கத்துக்கே இப்படிப்பட்ட புகைபோக்கிகள் சரிந்தன.

கட்டுரையாளர் சிரித்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் அடுத்து கூரை வேலைக்கு ஆள் கூப்பிடும்போது, அந்தப் புகைபோக்கியையும் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.