தங்கவயலின் சீசன் டிக்கெட்டும் கடன் அட்டையின் புள்ளிகளும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டன. அதன்பின் அந்நகரத்து உழைப்பாளர்களில் பெரும்பகுதியினருக்கு வேலை பெங்களூரில், வீடு தங்கவயலில் என்றாகிவிட்டது. விடியலுக்கு முன்பே மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களைக் கடந்து, பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூரை அடையும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் சென்று திரும்புகின்றனர். ஒருவழித் தொலைவு ஏறத்தாழ 86 கிலோமீட்டர். மாதத்தில் 25 நாள் இவ்வாறு பயணம் செய்பவர் ஓராண்டில் 51,000 கிலோமீட்டருக்கு மேல் பயணிக்கிறார். பூமியின் சுற்றளவே சுமார் 40,000 கிலோமீட்டர்தான். மாதம் ஒருமுறை பெங்களூரிலிருந்து தில்லிக்கு விமானத்தில் சென்று திரும்புபவரும் ஏறத்தாழ அந்த 40,000 கிலோமீட்டரையே எட்டுவார்.

அந்த விமானப் பயணியை வங்கிகளும் விமான நிறுவனங்களும் 'அடிக்கடி பயணிப்பவர்' என்று அழைக்கின்றன. அவருக்குப் புள்ளிகள் சேர்கின்றன. புள்ளிகள் விமானச் சீட்டுகளாகவும், நிலைய ஓய்வறை நுழைவாகவும், விடுதி அறைகளாகவும் மாறுகின்றன. தங்கவயலின் பயணி அவரைவிட அதிகத் தொலைவு செல்கிறார். ஆயினும் பயண வெகுமதி என்று சந்தையில் விற்கப்படும் எதுவும் அவரை எண்ணிப் பார்ப்பதில்லை. இதை வெறும் கவனக்குறைவாகக் கருத இயலாது. புள்ளிகள் எதை அளக்கின்றன என்பதற்கான விடை இதில்தான் இருக்கிறது.

ஒரு கடையில் கடன் அட்டையால் 1,000 ரூபாய் செலுத்தப்பட்டால், கடைக்காரரின் கணக்கில் அந்த 1,000 ரூபாய் முழுமையாகச் சேர்வதில்லை. பெரும்பாலும் 2 விழுக்காட்டை ஒட்டிய தொகை வணிகர் கட்டணமாகக் கழிக்கப்படுகிறது. அதைக் கடைக்காரரின் வங்கி, விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்பு, அட்டை வழங்கிய வங்கி ஆகிய மூன்று தரப்பும் பங்கிட்டுக்கொள்கின்றன. பெரும்பங்கு அட்டை வழங்கிய வங்கிக்குச் செல்கிறது. அந்த வரவிலிருந்தும், ஆண்டுக் கட்டணத்திலிருந்தும், நிலுவை வைப்போர் செலுத்தும் வட்டியிலிருந்தும் ஒரு பகுதியை எடுத்தே வங்கி புள்ளிகளை வழங்குகிறது. பற்று அட்டைக்கான வணிகர் கட்டணத்துக்கு இந்திய ரிசர்வ் வங்கி உச்சவரம்பு விதித்துள்ளது. யுபிஐக்கும் ரூபே பற்று அட்டைக்கும் 2020 ஜனவரி முதல் அக்கட்டணமே இல்லை. கடன் அட்டைக்கு அத்தகைய வரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை. புள்ளிகள் ஏன் கடன் அட்டையில் செழித்து, பற்று அட்டையில் வாடின என்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

விதிவிலக்குகளின் பட்டியலைப் படித்தால் இந்தத் தர்க்கம் இன்னும் தெளிவாகும். எரிபொருள், வீட்டு வாடகை, மின்பணப்பை நிரப்புதல் ஆகிய செலவுகளுக்குப் பல அட்டைகள் புள்ளி தருவதில்லை. அல்லது குறைத்துத் தருகின்றன. ரூபே கடன் அட்டையை யுபிஐயுடன் இணைத்துச் சிறு வணிகர்களிடம் செலுத்தும் 2,000 ரூபாய் வரையிலான தொகைக்கு வணிகர் கட்டணம் இல்லை. எனவே அங்கும் புள்ளிகள் சுருங்குகின்றன. ராபர்ட்சன்பேட்டையின் மளிகைக் கடையில் செலவிடப்படும் ரூபாய்க்கும் விமான நிலையக் கடையில் செலவிடப்படும் ரூபாய்க்கும் செலவழிப்பவர் பார்வையில் வேறுபாடில்லை. வங்கிக்கு உண்டு. எங்கே வங்கிக்கு ஆதாயம் இல்லையோ, அங்கே புள்ளியும் இல்லை.

ரயில்வேயின் பெயரையே தாங்கிவரும் அட்டையும் இதற்கு விலக்கன்று. இந்திய ரயில்வே உணவு மற்றும் சுற்றுலாக் கழகமும் ஸ்டேட் வங்கியின் அட்டை நிறுவனமும் இணைந்து வழங்கும் பிளாட்டினம் அட்டை, கழகத்தின் இணையதளத்தில் வாங்கப்படும் குளிர்வசதி வகுப்புச் சீட்டுகளுக்கு 10 விழுக்காடு வரை புள்ளிகளாகத் திருப்பித் தருவதாக அறிவித்தது. மற்றச் செலவுகளுக்கு 125 ரூபாய்க்கு ஒரு புள்ளி. ஒரு புள்ளியின் மதிப்பு ஒரு ரூபாய். தங்கவயல் பயணியின் சீசன் டிக்கெட் முன்பதிவில்லாத இரண்டாம் வகுப்புக்கு உரியது. அது அந்த 10 விழுக்காட்டுக் கணக்கில் வருவதில்லை. ரயிலில் மிகுதியாகப் பயணிப்பவர் ரயில் அட்டையின் பார்வைக்கே படாமல் போகிறார்.

புள்ளியைச் சேர்ப்பது முதல் பாதி. அதைச் செலவிடுவது இரண்டாம் பாதி. அறியாமைக்கு விலை கொடுக்க வேண்டியிருப்பது இந்த இரண்டாம் பாதியில்தான். அதே புள்ளி, அட்டைக் கட்டணத்தைக் கழிக்கப் பயன்படுத்தினால் ஒரு மதிப்பும், பொருள் பட்டியலிலிருந்து ஒரு மிக்சியை வாங்கினால் வேறொரு மதிப்பும், விமான நிறுவனத்தின் திட்டத்துக்கு மாற்றினால் இன்னொரு மதிப்பும் பெறுகிறது. மாற்று விகிதத்தை வங்கி தீர்மானிக்கிறது. எந்த நாளில் எத்தனை இருக்கைகள் புள்ளிகளுக்குக் கிடைக்கும் என்பதை விமான நிறுவனம் தீர்மானிக்கிறது. வரிகளும் சில கட்டணங்களும் பெரும்பாலும் பணமாகவே செலுத்தப்பட வேண்டும். காலாவதி தேதி வேறு உண்டு. ஆகவே '50,000 புள்ளிகள்' என்ற சொற்றொடர், எந்த நாட்டுப் பணம் என்று குறிப்பிடாமல் '50,000' என்று மட்டும் சொல்வதற்கு ஒப்பானது.

இன்னும் தெளிவாகச் சொன்னால், புள்ளி என்பது ஒரு தனியார் நாணயம். அதை அச்சிடுபவரும், அதன் மதிப்பை நிர்ணயிப்பவரும், அதை ஏற்கும் கடையைத் தேர்ந்தெடுப்பவரும் ஒருவரே, அல்லது ஒப்பந்தத்தால் இணைந்த இருவர். வங்கி வைப்புத் தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. புள்ளிகளுக்கு அத்தகைய காப்பு இல்லை. பெங்களூரைச் சேர்ந்த கிங்ஃபிஷர் விமான நிறுவனம் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியபோது, அதன் பயணிகள் சேர்த்துவைத்த மைல்களும் பயனற்றுப் போயின. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது உறுப்பினர்களின் புள்ளிகள் புதிய திட்டத்துக்கு மாற்றப்பட்டன, அவை தப்பின. இரண்டு நேர்வுகளிலும் முடிவெடுக்கும் உரிமை புள்ளியை ஈட்டியவரிடம் இருக்கவில்லை.

தமிழ் உழைப்பாளர் வரலாற்றை அறிந்தோருக்கு இவ்வகை நாணயம் புதிதன்று. இலங்கையின் காப்பித் தோட்டங்களில் 19-ஆம் நூற்றாண்டில் தோட்டத்தின் பெயர் பொறித்த வில்லைகள் வழங்கப்பட்டன. அவை அந்தத் தோட்டத்துக்கு வெளியே நாணயமல்ல. பிரிட்டனில் 1831-ஆம் ஆண்டின் சட்டமும், இந்தியாவில் 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமும் முதலாளி தன் வசதிக்கேற்ற உருவில் கூலி கொடுப்பதைத் தடுத்தன. கூலி நடப்புப் பணத்திலேயே தரப்பட வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. புள்ளி கூலியன்று, அந்த வேறுபாடு முக்கியமானது. அட்டையை எவரும் கட்டாயத்தால் வாங்குவதில்லை. எனினும் அச்சட்டங்களின் பின்னிருந்த அறிவு இங்கும் பொருந்தும்: மதிப்பை நிர்ணயிக்கும் அதிகாரம் கொடுப்பவரிடமே முழுமையாக இருந்தால், காலப்போக்கில் அந்த மதிப்பு பெறுபவருக்கு எதிராகவே நகரும்.

புள்ளிகளை நம்பிச் செலவழித்து, நிலுவையை முழுமையாகச் செலுத்த இயலாதவரின் நிலை இதைவிடக் கடினமானது. 10,000 ரூபாய் செலவுக்கு, 125 ரூபாய்க்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் 80 புள்ளிகள், அதாவது 80 ரூபாய் கிடைக்கும். அதே 10,000 ரூபாயை ஒரு மாதம் நிலுவையில் வைத்தால், மாதம் 3.5 விழுக்காடு வட்டியில் 350 ரூபாயும், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியாக 63 ரூபாயும் சேர்ந்து 413 ரூபாய் செலுத்த வேண்டும். பெற்ற வெகுமதியைப்போல் ஐந்து மடங்கு ஒரே மாதத்தில் போய்விடுகிறது. கடன் அட்டை வட்டி ஆண்டுக்கு 30 விழுக்காட்டைத் தாண்டுவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்திருந்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. ஆகவே நிலுவை வைப்பவருக்கு அந்த வேலியும் இன்று இல்லை.

யாருடைய பணம் யாருக்குச் செல்கிறது என்பதை அமெரிக்காவில் அளந்து பார்த்திருக்கின்றனர். பாஸ்டன் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, பணமாகச் செலவிடும் ஒரு குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலரை அட்டைப் பயனர்களுக்கு மறைமுகமாக வழங்குவதாகவும், அட்டைக் குடும்பம் ஒன்று 1,133 டாலரைப் பெறுவதாகவும் மதிப்பிட்டது. வணிகர் கட்டணம் பொருளின் விலையில் ஏறிவிடுகிறது. விலையை அனைவரும் தருகின்றனர். புள்ளியைச் சிலரே பெறுகின்றனர். அண்மைய ஆய்வு ஒன்று, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 கோடி டாலர் கல்வியும் வருவாயும் குறைந்த பகுதிகளிலிருந்து அவை மிகுந்த பகுதிகளுக்கு நகர்வதாகக் கணக்கிட்டது; அட்டையைத் திறம்படக் கையாளத் தெரியாதவரிடமிருந்து தெரிந்தவருக்குச் செல்வதே அதன் மையம் என்றும் காட்டியது.

இவ்வெண்களை இந்தியாவுக்கு அப்படியே பொருத்த இயலாது. இங்கே கடன் அட்டை வைத்திருப்போர் சிறுபான்மையினர். யுபிஐ பெரும்பான்மையினரின் கருவி. கட்டணமில்லாத யுபிஐ இருப்பதால் சிறு கடையின் விலையில் அட்டையின் சுமை குறைவாகவே ஏறும். ஆனால் பெருங்கடைகளிலும் இணையவணிகத்திலும் ஒரே விலைதான். அங்கே யுபிஐயில் செலுத்துபவரும் அட்டைக்காரரின் புள்ளிக்குப் பங்களிக்கிறார். பெங்களூரில் வேலை செய்து அங்கேயே பொருள் வாங்கித் திரும்பும் தங்கவயல் பயணி இந்த இரண்டாம் வகைக் கடைகளுக்கும் வாடிக்கையாளரே.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் ஏற்கெனவே பெருஞ்சலுகை பெறுகிறாரே. ஏறத்தாழ 15 ஒருவழிப் பயணங்களின் கட்டணத்தில் மாதம் முழுவதும் பயணிப்பவருக்கு வேறு வெகுமதி எதற்கு? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. அந்த உண்மை புள்ளிகளின் குறையையே காட்டிக்கொடுக்கிறது. சீசன் டிக்கெட் நாட்டின் மிகப் பழைய பயண வெகுமதித் திட்டங்களுள் ஒன்று. அதன் கணக்கு ரூபாயில் இருக்கிறது. சலுகை முன்னதாகவே விலையில் கழிக்கப்படுகிறது. அதைப் பெற எவரும் கூடுதலாகச் செலவிட வேண்டியதில்லை. அது அளப்பது பயணத்தை.

அதைவிட முக்கியமானது, அதை மாற்றுவதற்குப் பொதுவெளியில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது. 2014 ஜூனில் சீசன் டிக்கெட் கட்டணத்தை 15-க்குப் பதிலாக 30 ஒருவழிப் பயணங்களின் அடிப்படையில் வசூலிக்க ரயில்வே முடிவு செய்தது. பயணிகள் எதிர்த்தனர், மக்கள் பிரதிநிதிகள் அமைச்சரைச் சந்தித்தனர், சில நாள்களிலேயே அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. ஒரு வங்கி தன் புள்ளிகளின் மதிப்பைப் பாதியாகக் குறைத்தால் நடப்பது என்ன? ஒரு மின்னஞ்சல் வரும். அவ்வளவுதான்.

கல்வித்துறையினர் இந்தக் கேள்வியிலிருந்து விலகி நிற்க இயலாது. கருத்தரங்குகளுக்கும் களப்பணிக்கும் பொதுப்பணத்தில் விமானப் பயணம் மேற்கொள்வோர் அவர்களிலும் பலர். அலுவல் பயணத்தில் கிடைக்கும் மைல்களை அலுவல் பயணத்துக்கே பயன்படுத்த வேண்டும், தனிப்பயணத்துக்குப் பயன்படுத்தினால் துறைசார் நடவடிக்கை உண்டு என்று மத்திய நிதித்துறையின் செலவினத் துறை அரசு ஊழியர்களுக்கு விதித்திருக்கிறது. புள்ளி என்பது மதிப்புள்ள சொத்து என்பதை அரசே ஏற்றுக்கொண்டதற்கு அவ்விதி சான்று. ஆய்வுநிதியில் வாங்கிய சீட்டின் மைல்கள் யாருடையவை என்று பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாக விவாதிப்பதில்லை. அந்த மைல்களில் ஓர் ஆய்வு மாணவர் களப்பணிக்குச் சென்றுவர முடியும் என்னும்போது, அவ்விவாதம் அற்பமானதன்று.

செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, ஒவ்வொரு மாதக் கணக்கறிக்கையிலும் புள்ளிகளின் குறைந்தபட்ச ரூபாய் மதிப்பு அச்சிடப்பட வேண்டும். மதிப்புக் குறைப்பு இனி ஈட்டப்படும் புள்ளிகளுக்கு மட்டுமே பொருந்த வேண்டும். அட்டைக் கட்டணங்களை மாற்ற ஒரு மாத முன்னறிவிப்பு தேவை, மாற்றம் பின்னோக்கிச் செல்லக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறை கூறியது. அதே கொள்கையைப் புள்ளிகளின் மதிப்புக்கும் விரிவாக்குவதில் தடை ஏதுமில்லை. இரண்டாவது, ரயில்வேயின் பெயரில் வரும் எந்த வெகுமதி அட்டையும் சீசன் டிக்கெட்டுக்கும் குளிர்வசதிச் சீட்டுக்கு இணையான விழுக்காட்டை வழங்க வேண்டும். ரயில்வேயின் ஆர்-வாலட்டில் பணம் நிரப்பியோருக்கு வழங்கப்பட்ட 3 விழுக்காட்டுச் சலுகை, எளிய பயணிக்கு எளிய கணக்கில் வெகுமதி தர இயலும் என்பதைக் காட்டுகிறது. மூன்றாவது, பல்கலைக்கழகங்கள் பொதுப்பணத்தில் ஈட்டப்பட்ட மைல்களைப் பதிவுசெய்து ஆய்வு மாணவர்களின் பயணத்துக்குத் திருப்பிவிட வேண்டும்.

கடன் அட்டையை முழுமையாகப் பயன்படுத்தத் தெரிந்தவர் அதைப் பயன்படுத்துவதில் குற்றம் எதுவுமில்லை. ஆயின் அவர் பெறும் இலவசச் சீட்டு இலவசமானதன்று என்பதை அறிந்து பெறுவது நல்லது. அதன் விலையின் ஒரு பகுதியைப் பிறர் வட்டியாகவும் பொருள் விலையாகவும் செலுத்திவிட்டனர். அவர்களில் சிலர் அவரைவிட அதிகத் தொலைவு பயணம் செய்பவர்கள்.