வாயில்லா ஜீவனின் புகார்

பாபநாசம் வட்டாரத்தில் ஒரு காலத்தில் வீட்டு நாய்க்கு என்ன உணவு என்ற கேள்வியே எழுந்ததில்லை. வீட்டார் உண்டு மிஞ்சிய சோறும் மோரும்தான் அதற்கு உணவு. எப்போதாவது ஒரு மீன் தலை கிடைத்தால் அன்று விருந்து. மாட்டுக்கோ வயலில் விளைந்த வைக்கோல், அரிசி ஆலைத் தவிடு, செக்கடிப் பிண்ணாக்கு, கொல்லைப்புறத்துக் கழுநீர்த் தொட்டி. தீனி கெட்டிருந்தால் வீட்டுப் பெண்மணி முகர்ந்து பார்த்தே கண்டுபிடித்து விடுவாள். குற்றவாளியைத் தேடி வெளியூர் போக வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

இன்று காலம் மாறிவிட்டது. நாய்க்கும் பூனைக்கும் அழகான படம் போட்ட பைகளில் உணவு வருகிறது. கறவை மாட்டுக்கு மூட்டையில் குச்சித் தீவனம் வருகிறது. செய்தவர் ஒருவர், ஊருக்கு அனுப்பியவர் ஒருவர், கடையில் விற்றவர் ஒருவர். தின்பதோ வாய் பேசாத ஜீவன். அது தின்ற மறுநாள் சுருண்டு படுத்துவிட்டால் யாரைப் போய்க் கேட்பது?

கடைக்காரரைக் கேட்டால், "நானா செய்தேன்? வந்ததை விற்றேன்" என்கிறார். கம்பெனிக்கு டெலிபோன் செய்தால், "நீங்கள் ஈரத்தில் வைத்திருப்பீர்கள்" என்று பதில் வருகிறது. அதிகம் போனால் வேறொரு பை இலவசமாக வருகிறது. ஒரு ஜீவனின் உயிருக்கு ஒரு பைத் தீனிதான் ஈடா? புகாரை எதிரியின் படையெடுப்பாகக் கருதும் இந்த மனப்பான்மை வாடிக்கையாளருக்கு மட்டுமல்ல, கம்பெனிக்கும் நஷ்டம் என்பதற்கு உலக அனுபவமே சாட்சி.

இருபத்து நான்கு நாட்களின் விலை

2007-ஆம் ஆண்டு கனடாவைச் சேர்ந்த மெனு ஃபுட்ஸ் என்ற கம்பெனி, வட அமெரிக்காவில் பல பிரபல பெயர்களில் விற்பனையான நாய், பூனை உணவைத் தயாரித்து வந்தது. பிப்ரவரி 20-ஆம் தேதி முதல் புகார் அதன் காதுக்கு எட்டியது. உணவைத் தின்ற பிராணிகளின் சிறுநீரகம் கெடுகிறது என்பதே புகார். கம்பெனி பரிசோதனைகள் நடத்தியது; அதில் பிராணிகள் இறந்தன. ஆயினும் சரக்கைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது மார்ச் 16-ஆம் தேதிதான். இடையில் ஓடிய நாட்கள் இருபத்து நான்கு. அதற்குள் எத்தனை வீடுகளில் எத்தனை டப்பாக்கள் திறக்கப்பட்டிருக்கும்!

திரும்பப் பெற வேண்டியிருந்த டப்பாக்களும் உறைகளும் சுமார் 6 கோடி. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் என்ற ரசாயனம் கலந்திருந்தது பிறகு வெளியாயிற்று. புரதத்தை அளக்கும் வழக்கமான சோதனை, நைட்ரஜனைத்தான் அளக்கிறது. மெலமினில் நைட்ரஜன் அதிகம். ஆகவே அதைக் கலந்தால் மட்டமான சரக்கும் சோதனையில் உயர்ந்த சரக்காகத் தோன்றும். வழக்குகள் குவிந்தன. 2008-இல் கம்பெனியும் அதனுடன் சம்பந்தப்பட்டவர்களும் 2 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது.

கதை அதோடு முடியவில்லை. அதே 2008-இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால் மாவில் அதே மெலமின் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 6 பச்சிளங் குழந்தைகள் இறந்தன. நாயும் பூனையும் முந்திய ஆண்டே எச்சரிக்கை மணி அடித்துவிட்டன. பிராணிகளின் புகார்தானே என்று அலட்சியம் செய்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பூஞ்சணம் என்னும் பகைவன்

கலப்படம் மட்டுமே பகைவன் அல்ல. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணம் தெரியாமல் திகைத்த விஞ்ஞானிகள், பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில் படிந்த பூஞ்சணத்தில் விஷத்தைக் கண்டார்கள். அஃப்லாடாக்சின் என்ற அந்த விஷம் ஈரலைத் தாக்குவது. அறுபது ஆண்டு கழிந்தும் அது அடங்கவில்லை. 2020-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் அமெரிக்காவில் மக்காச்சோளம் கலந்த ஒரு நாய் உணவில் அதே விஷம் காணப்பட்டது. அடுத்த மாதத்துக்குள் 110-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகத் தகவல்கள் வந்தன.

பசு தின்றால் இந்த விஷத்தின் ஒரு கூறு பாலிலும் இறங்கும். 2018-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் பாலைச் சோதித்தபோது, தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88-இல் இது அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது. ஆகவே தொழுவத்துப் புகார் அடுக்களைக்கும் சம்பந்தப்பட்டதே.

ஈரத்தில் வைத்திருப்பீர்கள் என்று கம்பெனி சொல்வதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவில் தரை கசியும், சுவர் வியர்க்கும். சிமெண்டுத் தரையில் கிடத்திய மூட்டை பூசணம் பூப்பதற்கு நாள் பார்ப்பதில்லை. தானியத்தைக் காப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்தில் கட்டிய நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 3,000 கலம் நெல் கொள்ளுமாம்.

மேலும், நாய் படுத்த உடனே உணவின் மீது பழி போடுவதும் சரியல்ல. மழைக்காலத்து எலிக்காய்ச்சலும், உண்ணிக் காய்ச்சலும் நாயைக் கொல்லக்கூடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் அது இருக்கலாம். சந்தேகத்தைத் தீர்க்க வேண்டியது சோதனைதான், சண்டை அல்ல. ஆனால் அந்தச் சோதனையைச் செய்ய வசதி படைத்தவர் யார்? இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடியானவரா, ஆலையும் ஆய்வுக்கூடமும் வைத்திருக்கும் கம்பெனியா?

சட்டம் யார் பக்கம்?

பிராணிகளின் தீவனம், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொருளில் "உணவு" ஆகாது. ஆனால் வாடிக்கையாளர் அனாதை அல்ல. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் அமலுக்கு வந்தபோது, பொருளால் விளையும் தீங்குக்குப் பொறுப்பு என்ற தனி அத்தியாயத்தைக் கொண்டுவந்தது. தயாரிப்பில் குறை இருந்தாலோ, தக்க எச்சரிக்கையைப் பையில் அச்சிடாவிட்டாலோ தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும். சரக்கைப் பரிசோதிப்பதில் அல்லது பராமரிப்பதில் தக்க கவனம் காட்டாத விற்பனையாளரும் தப்ப முடியாது. வாங்கியவர் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் தயாரிப்பாளருக்கும் விற்பனையாளருக்கும் பாதுகாப்பு உண்டு.

நாய் சட்டத்தின் கண்ணில் உடைமைதான். எனினும் உடைமைக்கு நேர்ந்த சேதத்தோடு வரும் மன வேதனையையும் இந்தச் சட்டம் தீங்கில் சேர்த்திருக்கிறது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் வாங்கிய தீவனத்துக்கும் சட்டம் பொருந்தும். தஞ்சாவூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் தேசிய உதவி மையமும் உண்டு.

சோதிக்கச் சரக்கு மிச்சமில்லையே என்று கம்பெனிகள் வாதாடுவது வழக்கம். 2012-இல் தேசிய விதைக் கழகத்துக்கும் ஆந்திர விவசாயிகளுக்கும் நடந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதற்குப் பதில் சொல்லிவிட்டது. முளைக்குமா முளைக்காதா என்று சந்தேகப்பட்டு ஒவ்வொரு விவசாயியும் விதையில் ஒரு பங்கை எடுத்து வைப்பான் என எதிர்பார்க்க முடியாது. கம்பெனியே தன்னிடமுள்ள சரக்கைச் சோதனைக்கு அனுப்பியிருக்கலாம் என்பதே அதன் சாரம். விதைக்குப் பொருந்தும் நியாயம் தீனிக்கும் பொருந்த வேண்டாமா?

கம்பெனிகள் செய்ய வேண்டியது

பையின் மேல் அச்சிட்ட எண்ணில் தமிழில் பேச ஒரு மனிதர் இருக்க வேண்டும். பேட்ச் நம்பர், வாங்கிய கடை, பிராணியின் நிலை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அன்றே புகார் எண்ணோடு எழுத்தில் பதில் தர வேண்டும்.

மிச்சமுள்ள தீனியை வாடிக்கையாளரின் முன்னிலையில் இரண்டு பங்காக முத்திரையிட்டு, ஒன்றை அவரிடமே விட்டுவிட வேண்டும். ஆலையில் ஒவ்வொரு பேட்சிலும் ஒரு மாதிரியை எடுத்து வைத்திருந்தால் இரண்டையும் ஒப்பிடலாம். ஆலையின் மாதிரி நல்லதாக இருந்து கடைச் சரக்கு கெட்டிருந்தால், தவறு வழியில் நேர்ந்தது என்பது புலப்படும். சோதனை வெளி ஆய்வுக்கூடத்தில் நடப்பது உத்தமம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. அறிக்கையின் நகல் புகார் செய்தவருக்கும் போக வேண்டும்.

ஒரே பேட்சின் மேல் இரண்டாவது புகார் வந்தால், முடிவுக்குக் காத்திராமல் விற்பனையை நிறுத்திக் கடைகளுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். சோதனையில் சரக்கு நல்லது என்று தெரிந்தால் மறுபடியும் விற்கலாம். செத்த மாட்டை எழுப்ப முடியாது.

குற்றம் நிச்சயமானால் வைத்தியச் செலவு, பிராணியின் விலை, கறவை நின்ற நாட்களின் நஷ்டம் ஆகியவற்றைப் பேரம் பேசாமல் கொடுப்பதே கண்ணியம். வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு பணம் கொடுப்பது, அடுத்த வீட்டுப் பிராணிக்குச் செய்யும் துரோகம்.

வாங்குகிறவர்களுக்கும் கடமை உண்டு. மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துத் தரும் தீனி மலிவாகத் தோன்றலாம். ஆனால் பேட்ச் நம்பர் கடையிலேயே தங்கிவிடும். ரசீது வாங்க வேண்டும். பை காலியாகும் வரை அதன் அச்சிட்ட பகுதியைக் கிழிக்கக் கூடாது. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைக்க வேண்டும். பிராணி சோர்ந்தால் தீனியை நிறுத்தி, மிச்சத்தைக் கொட்டிவிடாமல் கட்டி வைத்து, கால்நடை டாக்டரிடம் காட்ட வேண்டும். இறந்துபோனால் புதைப்பதற்கு முன் பிரேதப் பரிசோதனை அவசியம். அந்தச் சான்றிதழ்தான் வழக்கின் உயிர்.

கன்றைப் பறிகொடுத்த பசு திருவாரூரில் ஆராய்ச்சி மணியை அசைத்த கதையை இந்த மண்ணில் அறியாதவர் இல்லை. அந்தப் பசுவிடம் யாரும் ரசீது கேட்கவில்லை. நடந்தது என்ன என்று அறிய அரசனே வெளியே வந்தான். இன்றைய கம்பெனிகள் மனுநீதிச் சோழர்களாக வேண்டாம். மணியோசை கேட்ட அன்றே கதவைத் திறந்தால் போதும். இருபத்து நான்கு நாள் கழித்துத் திறக்கும் கதவுக்கு, வெளியே நிற்பது வாடிக்கையாளராக இராது, வழக்காகத்தான் இருக்கும்.