ரெசிடென்சி முடிந்த பிறகும் இன்னொரு வருஷமா? டி.ஓ. டாக்டர்களின் கைச்சிகிச்சைக் கணக்கு

கல்லூரி 4 வருஷம், மருத்துவப் படிப்பு 4 வருஷம், குடும்ப மருத்துவத்தில் ரெசிடென்சி 3 வருஷம். அமெரிக்காவில் ஒருவர் குடும்ப டாக்டராக வெளியே வர 11 வருஷம் ஆகிறது. அதன் பிறகும், கைகளால் செய்யும் ஆஸ்டியோபதி சிகிச்சையில் தேர்ச்சி பெற இன்னும் ஒரு வருஷம் படிக்கலாமா என்று டி.ஓ. டாக்டர்களில் சிலர் யோசிக்கிறார்கள். அங்குள்ள நம்மூர்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இந்தக் கல்லூரிகளில் படிப்பதால், பல தமிழ் வீடுகளிலும் இந்தக் கேள்வி எழுகிறது.

யார் இந்த டி.ஓ.?

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1892-ல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் முதல் ஆஸ்டியோபதி கல்லூரியைத் தொடங்கினார். அந்த வழியில் வந்தவர்கள்தான் இன்றைய டி.ஓ.க்கள். மருந்து எழுதுவது, அறுவை சிகிச்சை செய்வது என எம்.டி.க்கு உள்ள எல்லா உரிமையும் 50 மாநிலங்களிலும் இவர்களுக்கு உண்டு. இவர்களைக் கைரோபிராக்டரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பிரிட்டன், பிரான்ஸ் நாடுகளில் ஆஸ்டியோபத் என்றால் டாக்டர் அல்ல. அமெரிக்க டி.ஓ. முழுமையான டாக்டர்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. டி.ஓ. மாணவர்கள் சுமார் 200 மணி நேரம் கூடுதலாகத் தசை, மூட்டு, முதுகெலும்பைக் கையால் பரிசோதித்துச் சரிசெய்யும் பயிற்சி பெறுகிறார்கள்.

அந்தக் கூடுதல் வருஷத்தில் என்ன இருக்கிறது?

நரம்பு, தசை, எலும்பு சார்ந்த ஆஸ்டியோபதி மருத்துவம் அமெரிக்காவில் தனி சிறப்புப் பிரிவு. நேரடியாகச் சேர்ந்தால் 3 வருஷம். வேறொரு ரெசிடென்சியை முடித்தவருக்கு 12 மாதம் போதும். முடித்ததும் போர்டு தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கலாம். 2020-ல் டி.ஓ., எம்.டி. ரெசிடென்சிகள் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்துவிட்டன. முன்தயாரிப்பு இருந்தால் எம்.டி.க்களும் இதில் சேரலாம்.

பலர் கவனிக்காத விஷயம்

கைச்சிகிச்சை செய்ய இந்தச் சான்றிதழ் சட்டப்படி தேவையே இல்லை. லைசென்ஸ் உள்ள எந்த டி.ஓ.வும் செய்யலாம், இன்ஷூரன்ஸுக்கு பில்லும் போடலாம். அதற்கென்று 98925 முதல் 98929 வரை ஐந்து கோடுகள் உள்ளன. உடலில் எத்தனை பகுதிகளுக்கு சிகிச்சை தரப்பட்டது என்பதை வைத்து கோடு மாறும். ஒன்றிரண்டு பகுதி என்றால் முதல் கோடு, ஒன்பது பத்து என்றால் கடைசி கோடு. சான்றிதழ் உள்ளவருக்கு மெடிகேர் இதற்காகக் கூடுதல் பணம் தருவதில்லை.

சரி, செலவு எவ்வளவு? பயிற்சி டாக்டரின் ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 70,000 டாலர். அதே வருஷம் வேலைக்குப் போகும் குடும்ப டாக்டருக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் கிடைக்கும். அதாவது, குறைந்தது ஒரு லட்சம் டாலர் வருமானம் கையைவிட்டுப் போகிறது. 2 லட்சம் டாலரைத் தாண்டிய கல்விக் கடன் இவர்களிடையே சாதாரணம். அதன் வட்டி இந்த ஒரு வருஷத்துக்காக நிற்காது.

அப்படியும் ஏன் ஆசைப்படுகிறார்கள்?

காரணம் நியாயமானது. முதல் இரண்டு வருஷம் கல்லூரியில் வாராவாரம் கைப்பயிற்சி இருக்கும். அப்புறம் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனதும் அது குறைந்துவிடும். ரெசிடென்சியில் மேற்பார்வை டாக்டருக்கே கைச்சிகிச்சை தெரியாவிட்டால் கற்றதும் மறந்துபோகும். ஒரு நோயாளிக்கு 15 நிமிஷம் என்று ஓடும் கிளினிக்கில் பழகவும் நேரம் கிடைக்காது. டி.ஓ.க்களில் பெரும்பாலானோர் தினசரி வேலையில் இதை அரிதாகவே பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுப்புகளும் தொடர்ந்து சொல்கின்றன. ‘கற்றது வீணாகிவிடுமோ’ என்ற பயம் அங்கிருந்துதான் வருகிறது.

ஆதாரம் என்ன சொல்கிறது?

1999-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 155 முதுகுவலி நோயாளிகள் பற்றிய ஆய்வு வந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் கைச்சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு குணமடைந்தார்கள். கைச்சிகிச்சைக் குழுவுக்கு மருந்து குறைவாகத் தேவைப்பட்டது. ஓபியாய்டு மாத்திரைகளால் அடிபட்ட நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. 2017-ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரியின் வழிகாட்டுதலும் முதுகுவலிக்கு மருந்துக்கு முன் பார்க்க வேண்டிய வழிகளில் முதுகெலும்புக் கைச்சிகிச்சையைச் சேர்த்தது. ஆனால், ஆதாரத்தின் தரம் குறைவு என்றும் சொன்னது.

மறுபக்கமும் உண்டு. பிரான்ஸில் 400 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், போலி சிகிச்சையைவிடக் கிடைத்த பலன் மிகச் சிறியது. நோயாளி உணரும் அளவுக்கு அந்த வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம் என்றே ஆய்வாளர்கள் சொன்னார்கள். மண்டையோட்டு எலும்புகளை மென்மையாக அழுத்தும் முறைக்கு ஆதாரம் இன்னும் பலவீனம். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் ஒருவர் இந்தத் துறைக்குள் போக வேண்டும்.

யாருக்கு இது சரி?

வலி நோயாளிகளைக் கையால் கவனிப்பதையே முழுநேர வேலையாக வைத்துக்கொள்ள விரும்புபவருக்கு இந்த வருஷம் தகும். டி.ஓ. கல்லூரியில் இதே பாடத்தை நடத்த நினைப்பவருக்கும் தகும். அங்கே சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. ஆஸ்பத்திரி வார்டுகளுக்குப் போய் இந்த சிகிச்சையில் ஆலோசனை தர விரும்புபவருக்கும் 12 மாத மேற்பார்வை உதவும்.

ஆனால், குடும்ப மருத்துவம் பார்த்துக்கொண்டே வாரத்தில் நாலைந்து முதுகுவலி, கழுத்துவலி நோயாளிகளுக்கு உதவ வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், ஒரு லட்சம் டாலர் விலை அதிகம். அவருக்குத் தேவை நேரமும் பழக்கமும். ரெசிடென்சியின் கடைசி வருஷத்தில் ஒரு மாத எலெக்டிவ் எடுத்து, அனுபவமுள்ள டி.ஓ.வின் பக்கத்தில் நின்று பார்க்கலாம். வார இறுதிப் பயிற்சி வகுப்புகள் உண்டு. வேலை ஒப்பந்தம் போடும்போதே கைச்சிகிச்சைக்கென்று வாரத்தில் அரைநாளும் 30 நிமிஷ அப்பாயின்ட்மென்ட்டும் கேட்டு வாங்கலாம். அந்த நேரத்தை கிளினிக் தராவிட்டால், சான்றிதழ் வாங்கி வந்தாலும் அங்கே அது சுவரில்தான் தொங்கும்.

அந்த எலெக்டிவ் மாதமே நல்ல சோதனை. நாள் முழுக்க இதே வேலையைச் செய்த பிறகும் மறுநாள் ஆர்வத்தோடு போக முடிகிறதா, குறையாத வலியோடு திரும்பி வருபவரிடம் நேர்மையாகப் பேச முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் வேலையில் சேர்ந்து கடனை அடைக்கத் தொடங்குவதே நல்லது. வேறொரு ரெசிடென்சியை முடித்தவர்களுக்கென்றே அமைந்த வழி என்பதால், சில வருஷம் வேலை பார்த்த பிறகும் இதில் சேர முயற்சி செய்யலாம்.